டாக்டர் நிரஞ்சனின் இலவச முகாம்

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு யாரும் சாப்பாடு கேட்கக் கூடாது, மேடம். கேட்டால் கிடைக்கும். ஆனால் குழம்புக் கிண்ணத்தை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே, கேட்டது தப்பு என்று தெரிந்துவிடும். எட்டு மணிக்கு டிவியில் ‘திலகவதி இல்லம்’ ஓடும். என் மனைவி மாரீஸ்வரியை மட்டும் குறை சொல்லவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அந்த நேரத்துக்குப் பிள்ளை அழுதால்கூட ‘விளம்பரம் வரட்டும் இரு’ என்பார்கள். நீங்களும் பார்ப்பதாக உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அப்படியானால் கதைச் சுருக்கம் தேவைப்படாது.

இருளம்மாள் சாவு விஷயமாக ஒரு டாக்டரின் அபிப்பிராயம் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டனுப்பினீர்கள். ஜாமீனில் வந்து, கையெழுத்துப் போட வெளியே பெஞ்சில் காத்திருக்கிறானே, அந்தப் பையன் டாக்டர் என்று ஏமாற்றினான், உதவிக்கு ஆள் தேடாமல் நேரத்தைக் கடத்தினான், அதனால் ஒரு உயிர் போனது என்று குற்றப்பத்திரிகை தயாராக இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்றீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து வந்தால்தான் உங்களுக்கு விளங்கும். வழக்கமாக நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. நோயாளிகள் என்மேல் சொல்கிற முதல் புகாரே அதுதான்.

என் கிளினிக் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிறது. இதே ஊரில் பிறந்து, மதுரையில் படித்து, கூடப் படித்தவனெல்லாம் வெளிநாடு போனபோது நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே திரும்பினேன். டெங்கு வந்த வருசம் வீடு வீடாகப் போனேன். கொரோனாவில் அடுத்த தெரு டாக்டர் ஷட்டரை இறக்கிவிட்டார், நான் இறக்கவில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. ஊர் மறந்துவிட்டது என்பதால் யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

அப்புறம்தான் டாக்டர் நிரஞ்சன் வந்தான். ‘திலகவதி இல்லம்’ ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், வெள்ளைக் கோட்டும் வெட்டிவிட்ட தாடியுமாக வந்து சேர்ந்தான். நான் முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் முன்பின் மாற்றி மாட்டியிருந்தான். காது முனை முன்பக்கம் பார்க்க வேண்டும், அவனுக்குப் பின்பக்கம் பார்த்தது. அப்படி மாட்டினால் ஒரு இழவும் சரியாகக் கேட்காது. ஆனால் அவனுக்கு எல்லாம் கேட்டது. திலகவதியின் மாமியார் மனதுக்குள் அடைத்து வைத்திருந்த பழைய பாவம் வரைக்கும் கேட்டது. எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்து ‘பயப்படாதீங்கம்மா, இது நோய் இல்லை, பாரம்’ என்றான். மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் சிரித்ததற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கப்புறம் என் கிளினிக்கில் தொல்லை ஆரம்பித்தது. சர்க்கரைக்கு மாத்திரை எழுதினால் முருகம்மாள் சீட்டை வாங்க மாட்டாள். “நிரஞ்சன் டாக்டரு மாத்திரையே குடுக்க மாட்டாக. கையப் புடிச்சுக்கிட்டுக் கண்ண மூடுவாக. பாதி நோவு அங்கனயே போயிரும்” என்பாள். பீடியை விடு என்று அதட்டினால் ராக்கையா, “அவுக இப்படியா எரிஞ்சு விழுறாக? படிச்ச மனுசன்னா ஒரு தன்மை வேணும்” என்று எழுந்து போவார். அவர் நுரையீரல் இருக்கிற லட்சணத்துக்கு எழுந்து போனதே பெரிய காரியம். பக்கத்து நாற்காலியில் இருக்கிற நாலு பேரும் அவர் பக்கம் தலையாட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சம்பளத்துக்கு டாக்டர் வேலை பார்க்கிற நடிகன்மேல், டாக்டர் வேலை பார்க்கிற டாக்டருக்குப் பொறாமை. கேட்கவே கேவலமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மாரீஸ்வரி ஒரு நாள் சொன்னாள். “நீங்களும் அப்படி உக்காந்து ரெண்டு வார்த்த பேசுனா என்ன கொறஞ்சா போயிரும்?” சரி, பேசிப் பார்ப்போம் என்று நினைத்தேன். மறுநாள் முருகம்மாள் வந்தபோது அவள் கையைப் பிடித்தேன். கண்ணையும் மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், “என்ன டாக்டரே, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? ஒங்களுக்கு மேலுக்குச் சரியில்லையா?” என்றாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது. சாயங்காலம் டீக்கடையில் ஒருவன் என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக் காட்டினான்.

இருளம்மாளுக்கு வருகிறேன். திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டுகிற வேலை. நல்ல மனுசி, வாய் மட்டும் நிற்காது. முன்பு ஒரு தடவை தோட்டத்தில் குளவி கொட்டி, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு அவளை என்னிடம்தான் தூக்கி வந்தார்கள். சிலருக்கு ஒரே ஒரு கொட்டில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்கு அட்ரினலின் என்று ஒரு ஊசி இருக்கிறது. தொடையில் போட வேண்டும், உடனே போட வேண்டும். போட்டேன். அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். “இன்னொரு தடவை எது கொட்டினாலும், சின்னத் தேனீயாக இருந்தாலும், நேரே என்கிட்ட வரணும். வரலேன்னா செத்துப் போவ” என்று சொல்லி அனுப்பினேன். ‘செத்துப் போவ’ என்று சொன்னதை அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நிரஞ்சன் டாக்டர் அப்படிச் சொல்ல மாட்டாராம். கொஞ்ச நாளில் என் கிளினிக்குக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு எது கொட்டினால் என்ன ஆகும், எத்தனை சீக்கிரம் ஆகும் என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் சீரியல் யூனிட் எங்கள் ஊருக்கே வந்தது. கதைப்படி டாக்டர் நிரஞ்சன் ஒரு கிராமத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறான். ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில், பந்தல் ஓரமாக மேசை போட்டு, பேனர் கட்டி, வரப்பில் நிற்கிற தென்னை மரத்தடியில் ஜெனரேட்டரை வைத்திருந்தார்கள். கூட்டத்தில் நிற்க ஊர் ஆட்கள் வேண்டும் என்று மேனேஜர் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார். வாருங்கள் என்றுதான் சொன்னார். எங்கள் சனம் நோயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

உண்மையாகத்தான் சொல்கிறேன், மேடம். ஸ்கேன் கவர், எக்ஸ்ரே கவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, நான் எழுதிக் கொடுத்து வாங்காமல் விட்ட மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவன் நடிகன் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் இத்தனை வருசம் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறவருக்குக் கொஞ்சமாவது தெரியாமலா இருக்கும் என்பார்கள். ‘கட்’ சொன்ன பிறகும் அந்தப் பையன் முன்னால் கையை நீட்டினார்கள். அவன் நெளிந்தான். “அம்மா, நான் நடிகன்மா. உங்க ஊர் டாக்டர்கிட்டயே காட்டுங்க” என்றான். அவர்கள் அதையும் அவன் தன்மையில் சேர்த்துக்கொண்டார்கள்.

மாரீஸ்வரி பார்க்க வேண்டும் என்றதால் நான் காரில் கூட்டிப்போயிருந்தேன். ஒதுங்கிப் பந்தலின் கல்தூண் பக்கம் நின்றேன். என் பை என்னிடம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நோயாளிகள் இருப்பதால் அது எப்போதும் என்னிடம் இருக்கும். வரிசையில் நின்ற இருளம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“அடடே, டாக்டரே. நீங்களும் காட்ட வந்தீகளா?” என்றாள். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, “ஏலே மாரி, டாக்டருக்கு எடம் விடுடா. எனக்குப் பின்னாடி வந்து நில்லுங்க டாக்டரே, கூச்சப்படாதீக. பொறுமையாப் பாப்பாக” என்றாள்.

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கு மேலுக்கு முடியவில்லை என்று நிசமாகவே நினைத்தாள். கிண்டலாக இருந்திருந்தால் நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். வரிசை முழுக்கச் சிரித்தது. என் மனைவி சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. யூனிட் ஆள் ஒருவன் என்னிடம் வந்து, வரிசையில் நிற்பதாக இருந்தால் பையை வேறிடத்தில் வைத்துவிட்டு நிற்கச் சொன்னான், காட்சியில் பை தெரியக் கூடாதாம்.

கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் புகை மேலே ஏறித் தென்னை மட்டைக்குள் போனது. அதற்குள் கதண்டுக் கூடு இருந்திருக்கிறது. குளவியில் பெரிய சாதி, உங்கள் பக்கம் என்ன பெயரோ தெரியாது. ஒரே இரைச்சலாக இறங்கியது. சனம் சிதறி ஓடியது. சீலையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாரீஸ்வரியும் அவர்களோடுதான் போனாள். என்னை ஒன்றும் கொட்டவில்லை. நான் அசையாமல் நின்றேன், அசையாதவனை அது பெரும்பாலும் விட்டுவிடும்.

இருளம்மாள் மேசைக்கு முன்னால் விழுந்து கிடந்தாள். அந்தப் பையன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டு, தான் கொட்டு வாங்கிக்கொண்டு மேலே கவிழ்ந்திருந்தான். கதண்டு கலைந்த பிறகு கோட்டை எடுத்தான். அவள் கழுத்திலும் கன்னத்திலும் கொட்டியிருந்தது. உதடு தடித்துக்கொண்டிருந்தது. மூச்சில் விசில் சத்தம் வந்தது. நான் நின்ற இடத்துக்கே கேட்டது. எனக்கு ஸ்டெதாஸ்கோப் தேவைப்படவில்லை.

நான் பையை எடுத்தேன். திறந்தேன். ஊசி, மருந்து எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இதை நான் மறைக்கவில்லை. பையைத் திறந்து வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று நின்றேன்.

மகன் மாரிசெல்வம் ஓடி வந்து பையனின் காலைப் பிடித்துக்கொண்டான். “எங்காத்தாவக் காப்பாத்துங்க டாக்டரே. ஒங்களத்தான் சாமியா நம்பி வந்துச்சு.”

“நான் டாக்டர் இல்லண்ணே. சத்தியமா இல்லண்ணே.”

“அப்பிடிச் சொல்லாதீக டாக்டரே. கையப் புடிச்சாவது பாருங்க.”

அந்தப் பையன் அழுதான், மேடம். சீரியலில் அவன் அழுது நான் பார்த்ததே இல்லை, அதில் மற்றவர்கள்தான் அழுவார்கள். கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி மண்ணில் எறிந்தான். அதைப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இவர்கள் எல்லாரும் இதைப் பார்க்கட்டும், முழுசாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கையைப் பிடித்தால் என்ன ஆகும், கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு தடவை இந்த ஊர் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேரம் இருக்கிறது என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். என் கணக்கு சாதாரணமாகத் தப்பாது.

இருளம்மாள் ஒரு தடவை என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கையைத் தூக்கினாள். என்னைப் பார்த்துத்தான் தூக்கினாள் என்று சொல்ல முடியாது. இமை அவ்வளவு வீங்கியிருந்தால் பார்வை இருக்காது என்பது என் மருத்துவ அபிப்பிராயம்.

யூனிட் வேனில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வேன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. நான் பையை மூடிவிட்டு, மோட்டார் ரூம் கதவைத் தட்டி மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். வேன் திரும்பி வந்ததும் ஊர் கூடி அந்தப் பையனை அடித்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காலைப் பிடித்தவர்கள்தான் அடித்தார்கள். அவன் பெயர் மொக்கைச்சாமி என்பதும், ஜெயமங்கலத்துக்காரன் என்பதும் உங்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. டிவிக்காரர்கள் டாக்டர் நிரஞ்சனை விமான விபத்தில் சாகடித்துவிட்டார்கள். மாரீஸ்வரி சீரியல் பார்ப்பதில்லை. என்னிடம் அதிகமாகப் பேசுவதும் இல்லை, ஆனால் அது அதிர்ச்சி, சரியாகிவிடும்.

என் கிளினிக்கில் இப்போது உட்கார இடமில்லை. முருகம்மாள் நான் எழுதுகிற மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்குகிறாள். ராக்கையா பீடியை விட்டுவிட்டார். நானும் மாறிவிட்டேன், யாரையும் அதட்டுவதில்லை. கையைப் பிடித்துத்தான் பேசுகிறேன். இப்போது யாரும் சில்லென்று இருக்கிறது என்று சொல்வதில்லை.

போன வாரம் மாரிசெல்வம் வந்தான். வாசலிலேயே என் காலில் விழுந்தான். “நீங்க அங்கனதான நின்னீக. ஒங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம, அந்த வேசக்காரன் காலப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேனே டாக்டரே. எங்காத்தாவ நாந்தேன் கொன்னுட்டேன்” என்று அழுதான். நான் அவனைத் தூக்கி, தண்ணீர் கொடுத்து, தோளில் தட்டி, “விடுப்பா, தெரியாமச் செஞ்சதுதானே” என்றேன். மன்னித்துவிட்டேன். அவன் என் கையில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். கிளினிக்கில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள்.

இனி என் அபிப்பிராயம். உங்கள் குற்றப்பத்திரிகையில் ஒரு வரி தப்பு. அந்தப் பையன் டாக்டரைத் தேடவில்லை, டாக்டராகவே நடித்து நேரத்தைக் கடத்தினான் என்று இருக்கிறது. அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. படித்தவன் பொய்க்குச் சாட்சி சொல்லக் கூடாது. அவன் தேடினான். இருளம்மாளை மடியில் சாய்த்துக்கொண்டு, பந்தல் பக்கம் பார்த்து, “இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா?” என்று கத்தினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தொண்டை கிழியக் கத்தினான். ஜெனரேட்டர் அதற்குள் நின்றுவிட்டது, அதனால் தெளிவாகவே கேட்டது. நான் அவனுக்கு எதிரே, இந்த மேசைக்கும் அந்தக் கதவுக்கும் இருக்கிற தூரத்தில், மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ரைட்டரை இதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும், அது முக்கியம். அவன் ‘டாக்டர் யாராவது’ என்றுதான் கேட்டான். சுருளிராஜன் டாக்டர் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால் அந்த நிமிசமே ஓடியிருப்பேன், மேடம். கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததாக இந்த ஊரில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்கள்.